சத்தமில்லாத நாடகத்துக்கு நீ கொடுத்த குரல்

மச்சான்,

வீட்டுச் சலவை இயந்திரம் பழுதாகிவிட்டதால், இன்று உடுப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வில்லரேயில் எங்கள் தெருமுனைச் சலவைக் கடைக்குப் போனேன். சுவரில் ஒரு தொலைக்காட்சி, சத்தத்தை அடைத்து வைத்திருந்தார்கள். பார்த்தால் நம்முடைய அதே நாடகம். அறுபதுகளின் விளம்பரக் கம்பனி, சிகரெட் புகை, எண்ணெய் வைத்து வாரிய தலைகள். முதலாளி வாயைத் திறந்ததும் என் வாயும் தானாகத் திறந்து, "உந்தச் சோப்பை ஆர் காணும் வாங்குவினம்?" என்றது. பக்கத்தில் துவாய் மடித்துக்கொண்டிருந்த பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

கோட்-டெ-நெய்ஜில் நாம் சேர்ந்திருந்த அந்த அறையில் நாடகம் பிரெஞ்சில்தான் ஓடும். உனக்குப் பிரெஞ்சு ஏறவே இல்லை. "சும்மா இரையுது" என்று சத்தத்தை நிறுத்திவிட்டு, எல்லோருக்கும் நீயே யாழ்ப்பாணத் தமிழில் பேசுவாய். உன் தொழிலும் அதுதானே. இங்குள்ள தமிழ்க் கடைகளின் விளம்பரங்களில் பாதி நீ எழுதியவை. ஊசிப்போன வடைக்கும் ஒரு நல்ல வார்த்தை வைத்திருந்தாய்.

நான் வயிறு நோகச் சிரிப்பேன். ஆனால் நாடகத்தின் இருட்டை நீதான் முதலில் கண்டாய். அந்தத் தலைமை எழுத்தாளன் காலைச் சாப்பாட்டு விளம்பரத்துக்கு ஒரு சிரிக்கும் குடும்பத்தை உருவாக்கிக் கொடுப்பான். அவன் மனைவியோ தனியே சாப்பிட்டு எழும்புவாள். உதவிக்கு இருந்த பெண் எழுதிய வரியைத் தன்னுடையது என்பான். அவள் எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டு, குளியலறையில் போய் முகம் கழுவுவாள். "எல்லாரும் சந்தோசத்தை விக்கிறாங்கள் மச்சான். ஒருத்தன்ர வீட்டிலையும் அது இல்லை" என்று சொல்லி, நீ அடுத்த பியரை உடைப்பாய்.

உன் மனைவி அப்போது மகளையும் கூட்டிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையில் லொங்கெய்க்குப் போய்விட்டிருந்தாள். குடியை விட்டால் பிள்ளையை ஞாயிறுகளில் அனுப்புவேன் என்று மட்டும்தான் அவள் சொன்னாள்.

"நாடகத்தில அவன் குடிக்கிறது தேத்தண்ணியடா. நடிப்பு. நீ குடிக்கிறதுதான் உண்மை" என்றேன்.

"திங்கக்கிழமை விடுறன்" என்றாய்.

எத்தனை திங்கட்கிழமைகள்! போத்தலைத் தொட்டிக்குள் ஊற்றினேன். நீ கீழே இறங்கிப்போய் மூலை டெப்பனர் கடையில் வேறு வாங்கி வந்தாய். ஏசினேன், கெஞ்சினேன், கதையாமலும் இருந்து பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. என் கண் முன்னால்தான் மஞ்சளாகிப் போனாய்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் பிரெஞ்சில் விளக்கினார். நான் தமிழில் சொல்ல வேண்டும். "கொஞ்சம் கடுமைதானாம், மருந்து தருவினமாம்" என்று ஆரம்பித்தேன்.

நீ டொக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "டேய், எனக்கே விளம்பரம் எழுதிறியோ?" என்றாய். பிறகு குரலைக் கனமாக்கிக்கொண்டு நீயே அவருக்காகப் பேசினாய்: "ஐயா, உங்கட ஈரல் கடையைப் பூட்டிட்டுது. இனித் திறக்காது. சொந்தக்காரரைக் கூப்பிடுங்கோ."

அவர் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். நான் சிரித்துவிட்டேன். சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. பாவம் அந்த மனிதர், ஒன்றும் விளங்காமல் கைகட்டி நின்றார்.

"மகளுக்கு நீதான் சொல்லவேணும். அவளுக்கு என்ர தமிழ் முழுசா விளங்காது. வடிவாக்கிச் சொல்லாதை" என்றாய்.

தாழ்வாரத்தில் வைத்து உன் மகளுக்குச் சொன்னேன். பிரெஞ்சில், ஒளிக்காமல். அப்பா குடியால் சாகப் போகிறார் என்றேன். அவள் அழவில்லை. "எனக்காக விடப் பார்த்தாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓம்" என்றேன், தமிழில். பிரெஞ்சு வரவில்லை. "ஒவ்வொரு திங்கட்கிழமையும்."

அது பொய்யில்லை மச்சான். செவ்வாய்க்கிழமைகளைப் பற்றி அவள் கேட்கவில்லை. நீ போன பிறகு வளர்ந்துவிட்டாள், எப்போதாவது என் வீட்டுக்கு வருகிறாள். என்றைக்குக் கேட்பாளோ என்று ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டுதான் கதவைத் திறக்கிறேன்.