சிவப்புப் பொட்டு வைத்த பேட்டரி

அம்மா,

நகப்பூச்சு வாசனை வந்தது. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவள் முன்னறை வாசலிலேயே நின்றுவிட்டேன். இந்த வீட்டில் நகப்பூச்சு வைத்திருந்தது நீ ஒருத்திதான். அதுவும் நகத்துக்கு இல்லை. ஒரு நொடி நீதான் வந்து உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்தேன். அப்போது பயம் வரவில்லை. அடுத்த நொடிதான் வந்தது. வாசனை தீப்பெட்டிப் பண்டல்களுக்கு நடுவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அங்கே உன் போனை ஒளித்து வைத்தவள் நான்.

இப்போது அடுப்படி வாசல்படியில் உட்கார்ந்து, அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாகப் போகிறது.

சாயந்திரம் தீப்பெட்டி ஏற்றிப்போக வேண்டிய லாரி வரவில்லை. மேகம் வேறு கறுத்திருந்தது. அப்பா தன் லோடு ஆட்டோவிலிருந்த பண்டல்களை முன்னறையிலேயே இறக்கி அடுக்கினார். சாப்பிடும்போதுதான் கேட்டார்.

“ஏட்டி, அம்மா போன் எங்கன கிடக்கு? நாளைக்கு அதக் கடையில குடுத்துட்டு உனக்குப் புதுசு எடுப்போம்.”

“சித்தி வீட்டுல இருக்குப்பா.”

“நாகலாபுரத்துலயா? அங்கன எப்படிப் போச்சு?”

“போன தடவ மறந்து வச்சுட்டு வந்துட்டேன்.”

அப்பா தட்டை நகர்த்தினார். “எதுக்கும் உன் பையில பாரு. இல்லன்னா காலையில நான் பாக்கேன்” என்றார்.

போன் என் பைக்குள்தான் இருந்தது. அவர் வருவதற்குச் சற்று முன்புவரை திருட்டுத்தனமாகச் சார்ஜ் போட்டிருந்தேன். இரண்டு வாரமாகவே பேட்டரி உப்பிக்கொண்டு வந்தது. பின்மூடி உட்காராமல் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியிருந்தேன். அப்பா கை கழுவப் போன நேரத்தில், அவர் தேடவே மாட்டார் என்று தோன்றிய ஒரே இடத்தில் அதைச் செருகினேன். தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போனவளின் மகள் செய்கிற காரியமா இது? நீ இருந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டாய். கைதான் பேசியிருக்கும்.

உங்கள் ஆபீஸ் கேட்டில் வாட்ச்மேன் வைத்திருந்த பிஸ்கட் டின் நினைவுக்கு வருகிறது. தீக்குச்சி மருந்து இருக்கிற இடத்துக்குப் போன் போகக்கூடாது என்பது சட்டம். அணைத்து வைத்தாலும் அவர் நம்ப மாட்டார். அதனால் வரிசையில் நின்று, நகத்தால் பின்மூடியை நெம்பி, பேட்டரியைக் கழற்றி டின்னில் போட்டுவிட்டு, செத்த போனைச் சோற்றுப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போவீர்கள். லீவு நாளில் உன்னோடு கேட்டுவரை வந்தபோது பார்த்திருக்கிறேன். யாரும் சிரிக்க மாட்டீர்கள். கோயிலுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுவது மாதிரி அவ்வளவு இயல்பாக இருக்கும்.

ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் முத்துமாரி அக்கா தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். உன்னோடு ஒரே பெஞ்சில் குச்சி அடுக்குகிறவள். இருவரிடமும் ஒரே மாடல் போன். அன்றைக்கு டின்னில் பேட்டரி மாறிப்போயிருந்தது.

“ஏட்டி, உன் உசுரு என் போன்ல கிடக்கு! என் உசுர எடு வெளிய!”

“உன் உசுரா? அதான் கேட்டத் தாண்டுனதுமே போயிருச்சே. உன்ன மாதிரியே சோம்பேறி.”

“ஆமா, உன் உசுரு மட்டும் ஓடிக் களைச்சிருச்சாக்கும்!”

இருவரும் நடுவீட்டில் உட்கார்ந்து பேட்டரியை மாற்றிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். மறுநாள்தான் நகப்பூச்சு வாங்கி வந்தாய். பேட்டரியின் நெற்றியில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாய். மிச்சத்தை எனக்குக்கூடத் தரவில்லை. பொட்டு அழியும்போது மறுபடி வைக்க வேண்டுமாம்.

அந்தப் பேட்டரியின் மூச்சு குறையத் தொடங்கியபோது பஜாரில் போன் பழுது பார்க்கிற பாய் கடைக்கு என்னையும் கூட்டிப்போனாய். பாய் உன் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, மேசைமேல் இருந்த கரண்ட் பெட்டியிலிருந்து நீண்ட சிவப்பும் கறுப்புமான இரண்டு வயரை எடுத்துப் போனில் தொட்டுப் பிடித்தார். திரை வெளிச்சம் போட்டது. நீ ஓர் அடி பின்னால் போனாய்.

“என்ன பாய், உசுரு இல்லாமலே முழிச்சுப் பாக்குது?”

“போன் நல்லாத்தாம்மா இருக்கு. பேட்டரிதான் போச்சு. இந்த மாடலுக்கு இப்ப பேட்டரி வாரதில்ல. புதுசு எடுத்துருங்க. கேமரா தெளிவா விழும்.”

“கேமரா தெளிஞ்சா என் மூஞ்சி தெளிஞ்சிருமா?”

“இந்தப் புதுசப் பாருங்க, எவ்வளவு ஒல்லி.”

நீ அதை வாங்கித் திருப்பி நகத்தால் ஓரத்தைத் தேடினாய். “மூடி எங்கன இருக்கு?”

“இனிமே வாரதெல்லாம் ஒட்டுனதும்மா. கழத்த முடியாது.”

“அப்ப கேட்டுல என்னத்தக் குடுக்க?”

பாய் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் சொன்னாய்: “பேசுனாக் கேக்கணும், கூப்புட்டா எடுக்கணும். அது ரெண்டும் நிக்குற அன்னைக்கு மாத்துவோம்ட்டி.”

அது இரண்டும் நிற்கவில்லை அம்மா. நீதான் நின்றுவிட்டாய். காய்ச்சல் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவள் நாலாம் நாள் திரும்பி வந்த விதத்தை இங்கே எழுத மாட்டேன்.

அப்பாவுக்குத் தெரியாத ஒன்று உன் போனுக்குள் இருக்கிறது. ஆபீஸில் சோதனைக்கு ஆள் வருகிற நாட்களில் நீ போனை வீட்டிலேயே விட்டுப் போவாய். எழுதத் தெரியாததால், பள்ளிக்கூடம் விட்டு வருகிற எனக்காகப் பேசிப் பதிந்து வைத்திருப்பாய். எல்லாவற்றையும் கேட்டதும் அழித்துவிட்ட முட்டாள் நான். ஒன்று மட்டும் தப்பியது. “ஏட்டி, மாடியில வத்தல் கிடக்கு, மேகம் போடுது, எடுத்துரு. ரசம் இருக்கு, சூடு பண்ணிக்க. அப்பா வந்தா… சரி, நானே வந்து சொல்லுதேன்.” அவ்வளவுதான். அப்பா வந்தால் என்ன என்று நீ சொல்லவேயில்லை. தினமும் ஒருமுறை கேட்பேன். அதற்காகத்தான் சார்ஜ், அதற்காகத்தான் பொய்.

பண்டல்களுக்கு நடுவே கையை விட்டபோது போன் சுட்டது. ரப்பர் பேண்ட் அறுந்து மூடி பிளந்திருந்தது. அப்பாவின் தலை அங்கிருந்து ஒரு முழத் தூரம்கூட இல்லை. வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். போனைத் தாவணியில் ஏந்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். நீ செய்கிற மாதிரியே நகத்தால் நெம்பிப் பேட்டரியைக் கழற்றினேன். அது தலையணை போல உப்பி, ஓரம் விட்டுக் கசிந்திருந்தது. நகப்பூச்சு வாசனை அந்தக் கசிவிலிருந்துதான் வந்திருக்கிறது. உன் பொட்டு நடுவில் பிளந்து போயிருந்தது. குளியலறை கட்டி மிஞ்சிய மணல், துவைகல் பக்கம் குவிந்து கிடக்கிறதல்லவா, தீயணைக்க மணல் நிரப்பி வைத்திருக்கும் உங்கள் ஆபீஸ் சிவப்பு வாளி நினைவு வந்து, ஒரு மண்பானையில் அந்த மணலை நிரப்பி அதற்குள் புதைத்தேன். பானை இப்போது கொல்லையின் கடைசியில், சுவருக்கும் வேலிக்கும் எட்டாமல் தனியாக இருக்கிறது. ஒவ்வொரு வரி எழுதிய பிறகும் தலையைத் தூக்கி அதைப் பார்க்கிறேன்.

இவ்வளவு நாளும் உன் குரல் அந்தப் பேட்டரிக்குள் இருப்பதாகவே நினைத்து அதைக் காத்துவந்திருக்கிறேன். பாய் மேசையில் அந்த இரண்டு வயரைப் பார்த்தவள்தானே நானும்? குரல் போனில்தான் இருக்கிறது. அவர் தொட்டுப் பிடித்தால் ஒருமுறை விழிக்கும், அப்போது உன் குரலை வேறொரு போனுக்கு எடுத்துக்கொள்ளலாம். பிறகு அப்பா எந்தப் போன் வாங்கினாலும் சரி, ஒட்டியதானாலும் சரி.

ஆனால் அதற்கு அப்பாவிடம் சொல்ல வேண்டும். சித்தி வீடு பொய் என்று. அவர் தலைமாட்டில் எதை வைத்தேன் என்று. அடிப்பார் என்பது அல்ல என் பயம். நீ போனதிலிருந்து அவர் உன் பேச்சை எடுத்ததே இல்லை. “அப்பா வந்தா…” என்று நீ நிறுத்துவதைக் கேட்டால் அவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியவில்லை. எட்டு மாதமாக அதை நான் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தால்?

காலைவரை காத்திருக்க முடியாது. வேறெங்காவது சூடு இருக்கிறதா என்று பண்டல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அது என்னால் தனியாக ஆகாது. எழுப்பத்தான் போகிறேன்.

நோட்டை மூடப்போகிறேன் அம்மா. பேட்டரி இல்லாத உன் போன் கையில் இலேசாக இருக்கிறது. உசுரை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன், நீ தினமும் போனதைப் போல.