திருமதி ஜெரோலின் நேரில் வரவும்

வைட் ரிவர், ஹொனியாரா
வெள்ளி இரவு

அன்பு மகன் கிளெமென்ட்டுக்கு உன் சின்ன அம்மா ஜெரோலின் எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே யாரும் நோய் என்று படுக்கவில்லை, ஆப்பிள் தோட்டத்துக் குளிரில் உனக்கும் இருமல் வரக்கூடாது என்று தினமும் சொல்லிவிட்டுத்தான் தூங்குகிறேன், இன்று மட்டும் தூக்கம் வரவில்லை. மீட்டரில் போட்ட காசு தீர்ந்து கரண்ட் போய்விட்டது, சோலார் விளக்கைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். யாராவது பார்த்துவிட்டால் பள்ளிப் பாடம் என்பேன், அது பாதி உண்மைதான், நம் தீவுகளில், நீ வேலை செய்யும் நாட்டுத் தூதரகத்தின் வரலாறும் பணியும் பற்றி டீச்சர் எழுதச் சொல்லியிருக்கிறார்.

விஷயம் இதுதான் மகனே. இந்த சீசன் விசா முடிந்தபின் வேண்டும் என்று நீ ஊரில் இருந்தபோதே கேட்ட நான்கு வருட விசா சம்பந்தமாக அந்தத் தூதரகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. விண்ணப்பதாரரின் தாயார் திருமதி ஜெரோலின் திங்கள் காலை ஒன்பது மணிக்கு நேரில் வரவும், வயது விவரத்தில் சந்தேகம் உள்ளது என்று எழுதியிருக்கிறார்கள். உனக்கு இருபத்துமூன்று, எனக்குப் பதினாறு, சந்தேகம் வராமல் என்ன செய்யும். உன்னைப் பெற்ற பெலாஜியா அக்கா போனபின் அவள் தங்கைகள் நாங்கள் இருவரும்தானே உனக்கு அம்மா, நம் ஊரில் இதை யாரும் கேள்வி கேட்டதில்லை. ஆனால் படிவத்தில் அம்மா பெயருக்கு ஒரே ஒரு வரிதான் விட்டிருந்தார்கள். “அக்னெஸ் அம்மா பேரை எழுத அவங்களுக்கு மூணு பிள்ளைங்க இருக்காங்க, உனக்கு நான் ஒருத்தன்தான், உன் பேரையே போடும்மா” என்று நீ சிரித்தாய், நானும் பெருமையாகப் பெரிய எழுத்தில் போட்டேன், பிறந்த தேதிக்கும் என் தேதியையே போட்டேன். அது பொய் என்று அன்றைக்குத் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை, ஆனாலும் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறேன்.

நேற்று சாப்பிடும்போதே அக்னெஸ் அக்கா முடிவு கட்டிவிட்டாள். “உன் பேர்ல நான் போறேன். தேதியைச் சின்னப் பொண்ணு தப்பா எழுதிட்டான்னு சொன்னா முடிஞ்சுது.” அந்தத் தூதரகக் கேட்டிலேயே காவல் நிற்கும் ராபின் அத்தான் கையிலிருந்த மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் போட்டுவிட்டார். “அந்த ஆபீஸ்ல உன் மூஞ்சி யாருக்குத் தெரியாது? வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் விருந்துல கோழிக்காலைத் துணியில முடிஞ்சுக்கிட்டு வர்றவ நீதானே” என்றார். “கேட்டுல நிக்கிறவர் கேட்டைப் பாருங்க” என்று அக்கா அவர் வாயை அடைத்தாள். அப்புறம் உனக்குப் போன் செய்து, தூதரகத்தில் கேட்டால் அம்மாவுக்கு என் வயதைப் போல நாற்பத்தொன்று என்று சொல்லு, வேறெதுவும் பேசாதே என்று சொல்லிக்கொடுத்ததும் என் காதில் விழுந்தது. போன் இப்போது அவள் தலையணைக்கடியில். அதனால்தான் கடிதம், நாளை விமானம் ஏறி உன் தோட்டத்துக்கே வேலைக்கு வரும் பெனடிக்ட் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நானே போய் உள்ளதைச் சொல்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். அத்தான் எழுந்தே விட்டார், “நீ அங்க வந்தா நான் கேட்டையே திறக்க மாட்டேன், உன்னோட சேர்த்து என்னையும் வெளிய தள்ளுவாங்க” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, இருபது வருடமாக அங்கே காவல் நிற்கிறார். என் பாடத்துக்காக அவர்தான் பழைய கதையெல்லாம் சொன்னார். சுதந்திரம் வந்த மறு வருடம் சீனர் கடை மாடியில் இரண்டு அறையில் தொடங்கிய தூதரகமாம், மழை வந்தால் கொடிக்கம்பத்தடியில் வாளி வைப்பார்களாம். பெரிய புயல் வருடத்தில் அரிசியும் தார்ப்பாயும் அவர்கள் கப்பலில்தான் வந்தன. நம் ஆட்கள் ஒருவரையொருவர் விரட்டிய கலவரத்தின்போது தங்கள் ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு பூட்டிவிட்டுப் போனார்கள், கைக்குழந்தையான உன்னோடு பெலாஜியா அக்கா அந்தப் பூட்டின் முன்னால் ஒரு பகல் முழுக்க நின்றாளாம். திரும்பி வந்தபோது சுவரை ஆள் உயரம் கூட்டிக் கட்டினார்கள். இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ரோந்துப் படகு, உங்கள் வேலை விசா வரை அந்தச் சுவருக்குள்ளிருந்துதான் வருகிறது, அதனால்தான் பெரியவர்களும் அங்கே போனால் குரலை இறக்கிப் பேசுகிறார்கள். இதையெல்லாம் டீச்சருக்கு எப்படி எழுதுவேன்?

எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்கிறது. அக்கா போய் மாட்டினால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், யாரும் போகாவிட்டாலும் விசா இல்லை, நான் போனால் நம்புவார்களோ சிரிப்பார்களோ. ஆனாலும் நான்தான் போகப்போகிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரிடம் உன் ஞானஸ்நானச் சீட்டு கேட்பேன், பெற்றவள் பெலாஜியா என்று அதில் இருக்கிறது. திங்கள் காலை பள்ளிச் சீருடையிலேயே, அக்கா கிளம்பும் முன்பே போய்விடுவேன். அத்தான் திறக்காவிட்டால் திறக்கும்வரை வெளியே நிற்பேன்.

நீ எனக்காக ஒன்று செய். கேட்டால் நாற்பத்தொன்று என்று சொல்லாதே. பெற்றவள் இறந்துவிட்டாள், இருக்கிற அம்மாக்கள் இருவர், சின்னவள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள் என்று உள்ளபடி சொல். அக்னெஸ் அம்மா உன்னைத் திட்டினால் நான் பார்த்துக்கொள்கிறேன், மூத்தவள் அவள்தான், ஆனால் தாளில் இருப்பது என் பெயர். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது மகனே, அதை அவர்களிடம் சொல்லாதே.

ஈரக் காலுறையோடு தூங்காதே. திங்கட்கிழமை முழுக்கப் போனை அணைக்காதே. உன் தலைக்கு என் கை எட்டாது, நீ குனிந்து நிற்பதாக நினைத்துக்கொண்டு ஆசீர்வதிக்கிறேன்.

உன் அம்மா
ஜெரோலின்