பன்னிரண்டாவது பிள்ளையும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும்

என் பிரியமான சாரதா டீச்சருக்கு,

அந்தச் சனிக்கிழமை மைதானத்தில் யார் யார் நின்றோம் என்று இப்போதும் சொல்லுவேன். நீங்கள். கோட்டுக்குள் குறுகிப்போய் நான். வலைக்கு முன்னால் என் பேத்தி ஆரணி. வலை கட்டிய தடிகளோடு இன்னும் பத்துப் பிள்ளைகள். எதிர்ப் பள்ளிக்கூடத்தார். மணிக்கூட்டைப் பார்த்தபடி உங்கள் தலைமை ஆசிரியை.

வலைத் தடியால் பந்தைப் பிடித்து எறிகிற இந்த லக்ரோஸுக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும். வராத பன்னிரண்டாவது, என் தங்கை மகள் யோகத்தின் பிள்ளை துளசி. "கட்டாயம் கூட்டிக்கொண்டு வாறன் பெரியம்மா" என்று காலையில் போனில் சொன்னவள் யோகம். மத்தியானம் கேட்டால் நகரத்தின் மறுகோடி ஹவுன்ஸ்லோவில் கலியாண வீட்டில் நிற்கிறாள்.

"தட்டு ஏந்த ஒற்றைப்படையில வேணுமெல்லே? பத்துப் பிள்ளையள்தான் இருந்தவை. துளசியைச் சேர்த்துப் பதினொண்டாக்கிப்போட்டன்."

"எங்களையும் பதினொண்டாக்கிப்போட்டாய்" என்று போனை வைத்தேன். ஆட்டம் நடக்கவில்லை; அன்றோடு அவளோடு கோபம்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளே குறைந்துகொண்டு போன காலம். செப்டம்பருக்குள் ஆள் சேராவிட்டால் இந்த விளையாட்டே வேண்டாம் என்றார் தலைமை ஆசிரியை. அதற்குள் இரண்டு பேர் காசு கட்டத் தேவையில்லாத பள்ளிக்கூடத்துக்கு மாறிப் போனார்கள். நீங்கள் சலிக்கவில்லை. எங்கள் குட்மேய்ஸில் வீடு வீடாக ஏறி வேறு இரண்டு பேரைப் பிடித்தீர்கள். சீனி வருத்தம் என்ற சர்க்கரை நோயோடு எத்தனை வீட்டில் சீனித் தேத்தண்ணி குடித்தீர்கள்?

"டீயை வேணாம்னு சொல்லிட்டுப் பிள்ளையக் கேட்டா யாரு லா குடுப்பாங்க, அக்கா?" மலேசியாக்காரி நீங்கள், எங்கள் சனத்தை எப்படிப் படித்தீர்கள்?

யோகத்தின் வீடு மட்டும் மிச்சம். கூட வரச் சொன்னீர்கள். "அவளின்ர படி ஏறமாட்டன்" என்றேன். அடுத்த கிழமை நீங்கள் உயிரோடு இல்லை.

வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் ஆரணி, வலை காக்கும்போது மைதானம் அதிரக் கத்துவாளே, நினைவிருக்கிறதா? நீங்கள் போனதும் தடியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள். அந்தச் சத்தம் எனக்கு வேண்டும் டீச்சர்.

அதனால் போன ஞாயிறு யோகத்தின் கதவைத் தட்டினேன்.

"என்ன பெரியம்மா, வழி மாறி வந்திட்டியளோ?"

"துளசியைத் தா."

"வெயிலில கறுத்துப்போவாளே."

"இந்த ஊரில எங்கையடி வெயில்?"

உள்ளே துளசி சிரித்தாள். "நான் வாறன் அம்மம்மா!"

யோகம் கோப்பையை நீட்டினாள். "முதல்ல குடியுங்கோ. பிறகு பாப்பம்."

கோபம் போட்ட வீட்டில் தண்ணீர்கூடத் தொடாதவள் நான். உங்களை நினைத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். சீனியை அள்ளிப் போட்டிருந்தாள், பாவி.

துளசியோடு பன்னிரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்கள். ஆரணி தடியைத் துடைத்து வாசலில் சாய்த்து வைத்திருக்கிறாள். இனி யார் விலகினாலும், நானே படி ஏறி அந்த இடத்துக்குப் பிள்ளை கொண்டுவருவேன். இது உங்களுக்குச் செய்யும் சத்தியம்.

தலைமை ஆசிரியையைக்கூட மன்னித்துவிட்டேன். ஆனால் அந்தத் தேத்தண்ணி உங்களுக்காகக் குடித்தது. அதை வைத்துச் சமாதானம் என்று யாரும் கணக்குப் பிழையாகப் போடக்கூடாது. நான் மன்னிக்காத ஒரே ஆள், யோகம்.

கூட வராமல் விட்ட உங்கள் அக்கா,
பவளம்