மிளகாய்க்குத் தனி அடுப்பு

8-4-1956, ஞாயிறு

இன்று எண்ணிப் பார்த்தேன். இடது பக்கம் பதினோரு விலா எலும்பு. தொட வேண்டியதே இல்லை, தள்ளி நின்றே எண்ணலாம். ரேஸ் புத்தகத்தில் அவள் பெயர் மிஸ் மஸ்லின். எங்கள் பெங்களூர் லாயத்தில் எல்லோருக்கும் அவள் மிளகாய். வாளி விழுந்தால் எகிறுவாள், காக்கை கத்தினால் எகிறுவாள், ஒன்றுமே நடக்காவிட்டாலும் எகிறுவாள்.

காலையில் அவளுடைய முதலாளி, காபி எஸ்டேட்காரர், காரில் வந்தார். கிட்டேகூடப் போகவில்லை. டிரெய்னர் டெஸ்மண்ட் துரையிடம், "ஜூன் ஒண்ணாம் தேதி வருவேன். அதுக்குள்ள உடம்பு தேறலேன்னா சுட்டுடுங்க" என்றார். விற்றுவிடலாமே என்று துரை கேட்டதற்கு, "என் குதிரை ஜட்கா இழுக்கிறதை நாலு பேர் பார்க்கணுமா?" என்றார்.

மூன்று வயசுக் குட்டி. என்ன குற்றம் செய்தாள்? இளைத்தாள். அதற்குக் குண்டா?

சுடட்டும். அதையும் பார்த்துவிடலாம்.

9-4-56

துரையின் உத்தரவு: "சின்னப்பா மேன், ஓட்ஸை டபுள் பண்ணு. கண்டிஷன் வரணும்." கண்டிஷன் என்றால் அவர் பாஷையில் சதைப்பிடிப்பு. ஏற்கெனவே ஆறு சேர் ஓட்ஸ், அதற்கு மேல் இரண்டு வேளை வெந்த கொள்ளு. தின்ற கொஞ்சமும் காலுக்குத்தான் போகிறது, முதுகுக்கு வரவில்லை. கொட்டடிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வேர்த்து வழிகிறாள். இதில் டபுளாம்!

கொள்ளு நன்றாக வெந்திருக்கிறதா என்று பார்க்க அண்டாப் பக்கம் போனேன். கரண்டியில் கை வைக்கவில்லை, நீட்டினேன், அவ்வளவுதான். "முட்டபேடா!" என்று கத்தினான் கோவிந்தப்பா. குதிரைக்காரர்களுக்கெல்லாம் அவன்தான் மேஸ்திரி. அண்டாவும் தானிய அறைச் சாவியும் அவனிடம். கன்னடத்தில் முட்டபேடா என்றால் தொடாதே. எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்டேன், "முட்டறதுக்கு நான் இன்னா மாடா?" எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

ஆறு வருஷமாகக் குதிரையைத் தேய்க்கிறேன், லத்தி அள்ளுகிறேன், கடி வாங்குகிறேன். அது தின்கிற கொள்ளை நான் தொட்டால் தீட்டு. யாருக்குத் தீட்டு? குதிரைக்கா? அது எந்த ஜாதி? கேட்டேன். "வழக்கம்ப்பா, வழக்கம்" என்றான். வழக்கமாம். வயிறு எரியுது.

12-4-56

தொட்டியில் பாதி மிச்சம். வயிற்று வார் ஐந்தாம் ஓட்டையில். அதற்கு மேல் இறுக்க வாரில் ஓட்டையே இல்லை.

13-4-56

தமிழ் வருஷப் பிறப்பு. வீட்டில் ஜானகி சீக்கிரம் வரச் சொல்லியிருந்தாள், போகவில்லை. தீனி வேளையில் மிளகாய் எதிரே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அண்டாவிலிருந்து வாளி வாளியாகக் கிளம்பும்போது மற்ற பதினைந்தும் கதவை உதைக்கின்றன, கனைக்கின்றன. இவள் ஒரு வாய் எடுக்கிறாள், காதைத் திருப்புகிறாள், ஒரு சுற்று சுற்றுகிறாள். பிறகு இன்னொரு வாய். பிறகு மறந்தே போகிறாள். எல்லாம் அடங்கிய பிறகு தொட்டிக்கு வந்தால் கொள்ளு ஆறிப் புளித்திருக்கிறது. மூக்கைச் சுருக்கிக்கொண்டு போய்விடுகிறாள்.

ஆறு வருஷமாக இதே இடத்தில் இருக்கிறேன். இதை ஏன் நான் பார்க்கவில்லை? முட்டாள்.

15-4-56, ஞாயிறு

நீலசந்திராவில் வீட்டில். கைக்குழந்தைக்கு மூன்று மாசம். ஜானகி கொள்ளு ரசம் குடித்துக்கொண்டிருந்தாள். குதிரை கதை முழுக்கச் சொன்னேன்.

"ஏங்க, பெத்த வயிறு கரையணும்னு நான் கொள்ளு குடிக்கிறேன். சதை ஏறணும்னு நீங்க அதுக்கு அதே கொள்ளைப் போடுறீங்க. நல்லா இருக்கு உங்க வைத்தியம்!"

"மனுஷியும் குதிரையும் ஒண்ணாடி? மத்த குதிரைங்க அதைத் தின்னுதானே தளதளன்னு இருக்கு."

"மத்தது மிளகாய் இல்லையே. காரம் புடிச்சவளுக்குக் காரத்து மேல காரம் போட்டா என்ன ஆவும்?"

அவள் சொன்னதை வைத்துக் கணக்குப் போட்டு எழுதினேன்: ஓட்ஸ் ஒரு சேருக்கு மேல் இல்லை. கொள்ளு வேண்டாம். பார்லி ஊறவைத்து வேகவைப்பது. தவிடு. ஆளிவிதை குழையக் குழையக் கொதிக்கவைத்து ஒரு கை. உப்பு. புல் எந்நேரமும் முன்னால் கிடக்க வேண்டும். ஐந்து வேளை, கொஞ்சம் கொஞ்சமாக, வாளிச் சத்தம் கிளம்புவதற்கு முன்னால்.

எங்கே வேகவைப்பது? அண்டாவைத்தான் முட்டக்கூடாதே.

"நம்ம அடுப்பு என்ன செத்தா போச்சு?" என்றாள் ஜானகி.

16-4-56

கோவிந்தப்பாவிடம் மிளகாய் பங்கை வேகாததாகவே கொடுத்துவிடச் சொன்னேன். ஓட்ஸைக் குறைத்து அதற்குப் பதில் பார்லி. சந்தோஷமாக அளந்து என் சாக்கிலேயே போட்டான். வேகாத பார்லிக்குத் தீட்டு இல்லை, வெந்தால் உண்டு. தண்ணீரும் நெருப்பும் பட்டவுடன் பார்லிக்கும் ஜாதி வந்துவிடுகிறது!

22-4-56

விடியற்காலையில் சைக்கிளில் ஒரு தூக்கு, மத்தியானம் திரும்பப் போய் இன்னொன்று. தெருவில் எனக்குப் புதுப் பெயர், மாமியார் வீட்டுச் சீர். "மாப்ளே, சீர் எங்க போவுது?" என்று கடைக்குக் கடை கேட்கிறான்கள். குதிரைக்கு என்று சொன்னால் இன்னும் சிரிப்பு. சிரிங்கடா.

மிளகாய் மூன்று நாள் மோந்து பார்த்ததோடு சரி. நான்காம் நாள் தூக்கை நக்கினாள். இன்று தூக்கையே கடித்தாள். ஜானகியின் நல்ல தூக்கு, பல் பதிந்துவிட்டது. வீட்டில் என்ன சொல்வேனோ.

30-4-56

மாட்டிக்கொண்டேன். துரை கணக்கு நோட்டைப் புரட்டியிருக்கிறார்.

"ஓட்ஸ் எங்க மேன்? டபுள் பண்ணச் சொன்னா கட் பண்ணிட்டியா? யாரைக் கேட்டே?"

"குதிரையைக் கேட்டேன் தொரை."

அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஆனாலும் நகரவில்லை. "ஒண்ணாந்தேதி வரைக்கும் விடுங்க. தேறலேன்னா அவளோட என்னையும் அனுப்பிடுங்க" என்றேன்.

"எப்படி, ஷூட் பண்ணியா?"

"உங்க இஷ்டம்."

முறைத்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

7-5-56

நான்காம் ஓட்டை!! ஜானகியிடம் போய்ச் சொன்னதும் அடுப்படியிலேயே கை தட்டினாள், குழந்தை பயந்து அழுதது.

8-5-56

நான் ஒரு மடையன். நாலாம் ஓட்டைச் சந்தோஷத்தில் ஒரு வேளைக்கு இரண்டு வேளையாகக் கொட்டினேன். தின்னட்டுமே, கண்ணுதானே என்று. பத்து மணிக்கு அவள் கீழே கிடந்தாள். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு உருள்கிறாள். ஐயோ, குண்டு வேண்டாம், நானே கொன்னுடுவேன் போலிருக்கே!

தனியாக அவளை எழுப்ப முடியவில்லை. கூப்பிடாமலே கோவிந்தப்பா வந்தான். முதுகைக் கொடுத்து எழுப்பினான். ஓமம் கரைத்த வெந்நீரைச் சீசாவில் கொண்டுவந்து அவனே புகட்டினான். மூன்று மணி நேரம் இரண்டு பேருமாக நடத்தினோம், அவளுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், இரண்டு பேர் கையிலும் ஒரே கயிறு. கயிறு வேகாததுதானே, அதற்குத் தீட்டு இல்லை போலிருக்கிறது.

ஒரு மணிக்கு லத்தி போட்டாள். லத்தியைப் பார்த்து அழுதவன் இந்த பெங்களூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கோவிந்தப்பா தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒள்ளே குதிரை, நல்ல குதிரை. அவசரப்படாதே" என்றான். அவ்வளவுதான், போய்விட்டான்.

சரி. குதிரை தெரிந்தவன் அவன். அது வேறு, இது வேறு. அண்டாவை நான் மறக்கவில்லை.

9-5-56

மறுபடி ஐந்தாம் ஓட்டை. மறுபடி ஒரு கை, ஒரு கையாக.

24-5-56

புத்தர் ஜெயந்தி, இரண்டாயிரத்து ஐந்நூறாவது வருஷம். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த பௌத்த சங்கத்தில் காலையிலேயே ஊர்வலம். நான் மூன்றாம் வேளை தீனி முடித்துவிட்டுத்தான் போனேன். "புத்தருக்குக் கூடக் குதிரைக்கு அப்புறம்தானா?" என்றாள் ஜானகி. அவரும் குதிரை ஏறி வீட்டைவிட்டுப் போனவர்தானே, புரிந்துகொள்வார் என்றேன். சிரித்துவிட்டாள்.

மூன்றாம் ஓட்டை. விலா எலும்பு நாலுதான் தெரிகிறது. இன்று காக்கை கத்தியது. ஒரு காதை மட்டும் திருப்பிவிட்டுத் தின்றுகொண்டே இருந்தாள்.

1-6-56, வெள்ளி

இரண்டாம் ஓட்டை. எஸ்டேட்காரர் சுற்றிச் சுற்றி வந்தார். இந்தத் தடவை கிட்டே போனார், கழுத்தில் தட்டினார். மிளகாய் நின்றாள். தோலில் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. சுடுகிற பேச்சையே அவர் எடுக்கவில்லை. மறந்தேபோயிருக்கும்.

"வெல் டன் டெஸ்மண்ட்! ஓட்ஸ் ஏத்தினியா?"

துரை சிரித்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்க முடியல. "ஓட்ஸைக் கொறைச்சேன் சார். இது நீலசந்திராவுல என் வீட்டு அடுப்புல என் பொண்டாட்டி கிண்டினது" என்றேன். எல்லாக் குதிரைக்காரனும் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான்.

எஸ்டேட்காரர் என்னை அப்போதுதான் பார்த்தார். "அப்படியா? என்னோட மத்த ரெண்டும் இதே மாதிரி துள்ளுதே, அதுங்களுக்கும் இவனையே பண்ணச் சொல்லு" என்று காரில் ஏறினார்.

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. "நாளையிலேர்ந்து மூணுக்கும் நீயே பண்ணு மேன்."

"மூணு குதிரைக்குச் சைக்கிள்ல தூக்க முடியாது தொரை. இங்கதான் வேகணும். ஆனா ஒரு கண்டிஷன். அண்டாவை நானாப் போய்த் தொடமாட்டேன், உங்க உத்தரவுக்கும் தொடமாட்டேன். யாரு வேணாம்னாங்களோ அவங்க வாயால தொடுன்னு சொல்லணும்."

கோவிந்தப்பா பத்தடி தூரத்தில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தான். முறம் நின்றது. தலை நிமிரவில்லை.

2-6-56

அவன் வேலைக்கு வரவில்லை. காய்ச்சலாம். மிளகாய்க்கு மட்டும் வீட்டுத் தூக்கு. மற்ற இரண்டும் அவளுடைய தூக்கைப் பார்த்துக் கதவை உதைத்தன.

3-6-56, ஞாயிறு

வந்தான். அடுப்பு மூட்டினான், அண்டாவைத் துலக்கி ஏற்றினான், என் பார்லி மூட்டையை அவனே அவிழ்த்துக் கொட்டினான். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தண்ணீர் கொதித்து, நுரை பொங்கி, அடி பிடிக்கிற வாசனை வரும் வரைக்கும் இரண்டு பேரும் நின்றோம்.

கரண்டியை அண்டா விளிம்பில் வைத்தான். கையில் கொடுக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"முட்டு."

முட்டினேன்.

நான் வாளியோடு போன பிறகு கரண்டியைப் புளி போட்டுக் கழுவினானாம். வந்து சொன்னார்கள். கழுவட்டும். மூன்று குதிரைக்கும் ஒரு நாளைக்கு ஐந்து வேளை.