ஜன்னலோரத்துப் புட்டி

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? அண்ணனும் குட்டியும் நலமா? நீங்கள் ஆய்வகத்தை விட்டுப் போய் இரண்டு வருடம். ஒரு வரிகூட எழுதாத என்னை நன்றாகத் திட்டுங்கள். உங்கள் நாற்காலியில் இப்போது காகிதக் கட்டுகள்தான் உட்கார்ந்திருக்கின்றன.

தோலைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்களை, மற்றச் செல்களைக் கொன்றுவிடும் பெராக்சைடுகூட ஒன்றும் செய்யாது என்று போகிற இடமெல்லாம் பேசுகிறேன். என் கட்டுரைக்கு நல்ல பேர். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் பழைய சோதனை நோட்டு இருக்கிறதா?

உங்கள் வாயாடி

ஜூன் 13

வாயாடிக்கு,

நலம். பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறேன். வீட்டில் அவர், "உப்ப அளந்து போட்டியா, கைய நம்பிப் போட்டியா?" என்று கேலி செய்வார். குட்டியும் சிரிப்பாள். நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் சோதனையை நான் திரும்பச் செய்தபோது பாதி ஸ்டெம் செல்கள் செத்தன. "உனக்குக் கை சரியில்லம்மா" என்று பேராசிரியர் எல்லோர் முன்னாலும் சொன்னார். ஊருக்கெல்லாம் பேசுகிற நீ அன்று நுண்ணோக்கியிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

நோட்டு பரண்மேல் இருக்கிறது. எதற்கு? சுற்றி வளைக்காமல் சொல்.

அக்கா

ஜூன் 20

அக்கா,

சாதாரணத் தோல் செல்களுக்குத் திங்கட்கிழமை பெராக்சைடு கலந்து ஊற்றினேன். எல்லாம் செத்தன. மிச்சத்தை ஜன்னலோரம் வெயிலில் வைத்து மறந்துவிட்டேன். ஸ்டெம் செல்களுக்கு வியாழக்கிழமை அதே புட்டியிலிருந்து ஊற்றினேன். அதற்குள் அதன் வீரியம் போயிருந்தது. செல்கள் பிழைத்ததில் என்ன அதிசயம்?

உங்கள் தட்டில் பாதி செத்தபோதே எனக்குப் பொறி தட்டியது. புட்டியில் மிஞ்சியதை யாருக்கும் தெரியாமல் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டேன். பேராசிரியர் உங்களைத் திட்டும்போது நான் நுண்ணோக்கியில் எதையும் பார்க்கவில்லை. அதில் விளக்கே போடவில்லை.

வெட்கம் பிடுங்கித் தின்கிறது. மன்னிப்பீர்களா?

வாயாடி

ஜூன் 29

வாயாடிக்கு,

மூன்று முறை படித்தேன். வீட்டில் அவரிடம் காட்டவில்லை. உன்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

நோட்டை அனுப்புகிறேன். ஒரே நாளில், ஒரே புட்டியிலிருந்து இரண்டு வகைக்கும் ஊற்றினேன். சாதாரணச் செல்களில் நூற்றுக்குத் தொண்ணூறு செத்தன. ஸ்டெம் செல்களில் ஐம்பது. அவை தாங்கத்தான் செய்கின்றன, நீ சொன்ன அளவுக்கு இல்லை. அந்தப் பக்கத்தில் பேராசிரியர் சிவப்பு மையால் 'கைப்பிழை' என்று எழுதியிருக்கிறார், பார்.

மன்னிப்பைக் கடிதத்தில் கேட்காதே. எனக்கு நடந்தது எல்லோர் முன்னாலும். அங்கே சொல். அதுவரை எனக்கு எழுதாதே.

அக்கா

ஜூலை 8

அக்கா,

இன்று ஆய்வகக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். பேராசிரியர், "அந்தப் பொண்ணோட நோட்டு எங்கம்மா?" என்றார். விரித்து வைத்தேன். தன் சிவப்பு எழுத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறார்கள். நாளையிலிருந்து நான் வர வேண்டாம் என்றார்கள். உங்களுக்குக் கடிதம் எழுதப்போவதாகப் பேராசிரியர் சொன்னார்.

கிளம்பும்முன் உங்கள் நாற்காலியிலிருந்த காகிதக் கட்டுகளை இறக்கி வைத்துத் துடைத்துவிட்டு வந்தேன்.

வாயாடி