எனக்காகக் கொடுத்த உடம்பு

12 மார்ச், வியாழன்
காலையிலேயே வெயில். மாவு புளித்துவிட்டது.

மகன் செந்திலிடம் சொல்லிவிட்டேன். நான் போன பிறகு உடம்பு மருத்துவக் கல்லூரிக்கு. அவன் கையெழுத்தும் வேண்டுமாம். போடமாட்டேன் என்கிறான்.

"பெத்தவளுக்குக் கொள்ளி வெக்க வக்கில்லாதவன்னு ஊரு பேசும்."

"உடம்பு என்னுதுடா சாமி."

"செத்தப்புறம் உன்னுது இல்லம்மா. எங்களுது."

உயிரோடு இருக்கும்போது மட்டும் என்ன.

14 மார்ச், சனி
கொழுந்தனார் பழனிசாமி வந்தார். செந்தில் அனுப்பியிருக்கிறான். டீ, முறுக்கு.

"ஏனுங்கண்ணி, அண்ணனுக்கு எப்படிச் செஞ்சோம்? உங்களுக்கும் ஒரு கொறை வெக்க மாட்டமுங்க."

அந்தப் பயம்தான். கணவர் போன அன்று எனக்குக் கோடிச் சேலை போடுவது என் பெரியண்ணனா சின்னண்ணனா என்று வாசலில் சண்டை. பிறகு ஆளுக்கொரு பக்கம் பிடித்து உட்காரவைத்து வளையலை உடைத்தார்கள். மணிக்கட்டில் ரத்தம். யாரும் என்னைக் கேட்கவில்லை. இனி ஒருத்தரும் அப்படித் தொடக்கூடாது. இதுதான் காரணம். அதை வைத்து மருத்துவ மாணவர்கள் படித்தாலும் சரி, படிக்காவிட்டாலும் சரி.

"சுயநலமுங்க இது." போகும்போது சொன்னார். ஆமாம் என்றேன்.

நான் பாடம் நடத்திய ஐந்தாம் வகுப்பில் மல்லிகா என்று ஒருத்தி. எல்லோரும் கடலைமிட்டாயைப் பங்கு வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள், பாராட்டுக்கு. அவள் மட்டும் "எனக்குப் பசிக்குதுங்க டீச்சர்" என்று தானே தின்பாள். நல்ல எடுத்துக்காட்டு. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

18 மார்ச், புதன்
வாங்க: து.பருப்பு, முழங்கால் தைலம், பல்பு.

செந்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். சிரித்த முகம். அவனுடைய சங்கத்தில் "தியாகமப்பா, உங்கம்மாளுக்கு விழா எடுக்கோணும்" என்றார்களாம். பிளக்ஸ் அடிக்கக் கொடுத்தாயிற்று. என் படத்தின் பக்கத்தில் அவன் படம், கொஞ்சம் பெரிதாக.

"விழா வேண்டாம்டா."

"விழா இல்லீனா கையெழுத்தும் இல்ல. நாளைக்கே போயி வேண்டாம்னு எழுதிக் குடுத்துருவேன்."

சரி என்றேன். என் உடம்பு எனக்கு வேண்டுமென்றால் நான் நல்லவளாக இருக்க வேண்டும்.

22 மார்ச், ஞாயிறு
கல்யாண மண்டபம். புழுக்கம். பொன்னாடைச் சரிகை கழுத்தைக் குத்தியது. முன்வரிசையில் பழனிசாமி, கண்ணைத் துடைத்தபடி.

மைக்கைக் கொடுத்தார்கள். வகுப்பில் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னேன்: "இது தியாகம் இல்லீங்க. நான் செத்தா இவங்க யாரும் என்னைத் தொடக்கூடாதுன்னுதான். எனக்காகத்தான்."

சங்கத் தலைவர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"பாத்தீங்களா, என்ன ஒரு தன்னடக்கம்."

கைதட்டல். செந்தில்தான் முதலில்.

பிறகு குடும்பப் படம். ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடுவில் உட்காரவைத்தார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. படம் எடுத்து முடியும்வரை செந்தில் என் மணிக்கட்டை விடவில்லை.