பின்னால் சுற்றிய ஃபேன்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. 'அன்புள்ள' என்பது வழக்கத்துக்காகப் போட்டது. கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துவிடாதே. போனில் பேச ஆரம்பித்தால் மீதியை நீயே சொல்லி முடித்துவிடுவாய். காகிதத்தில் அது நடக்காது.

முதலில் வேலை விஷயம். கன்ட்ரோல் ரூம் சூப்பர்வைசர் இடத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். லிஃப்டில் சிக்கிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து பொத்தானை அமுக்கினால் எடுத்துப் பேசுகிற வேலை. பதினொரு வருடமாக அந்த லிஃப்டுகளைப் பழுது பார்க்கிறவன் நான். எந்தக் கட்டடத்தில் எந்தக் கதவு மக்கர் செய்யும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பட்டியலில் என் பெயர் இல்லை. மேனேஜரிடம் கேட்டதற்கு, "உங்க அக்கா போன் பண்ணாங்க. பேசுற வேலைன்னா தம்பி கஷ்டப்படுவான், வேணாம்னாங்க. நீங்கதான் சொல்லச் சொன்னீங்கன்னு நினைச்சேன்" என்றார். அத்தனை தூரத்தில், வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு என் பிழைப்பில் கை வைக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது?

அடுத்து, திக்குவாய்க்கான வீடியோ வகுப்பு. ஏற்பாடு செய்தவள் நீதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் திரையில் தெரபிஸ்ட் மேடம் ஒரு கட்டம், நான் ஒரு கட்டம், மூன்றாவது கட்டத்தில் நீ. என் பெயரின் முதல் எழுத்திலேயே நான் நின்றபோது, முழுப் பெயரையும் படித்த பள்ளிக்கூடத்தையும் சேர்த்து நீ சொல்லி முடித்தாய். எனக்கு நாற்பத்தொரு வயது, அக்கா.

அதன்பிறகு ஒரு தந்திரம் செய்தேன். வார்த்தை சிக்கினால், வாயைத் திறந்தபடி இமைக்காமல் அசையாமல் உட்கார்ந்துவிடுவேன். நெட் நின்றுவிட்டது என்று இருவரும் நம்பினீர்கள். நீ நெட் கம்பெனிக்குப் புகார் கொடுத்து, புது ரூட்டரும் வாங்கி அனுப்பினாய். அது பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது.

ஐந்தாவது வாரம், நீ வராத அன்று, மேடம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நெட் நின்னா ஃபேனும் நிக்கணுமே சார். உங்க தலைக்குப் பின்னாடி நல்லா சுத்துதே" என்றார். சிரித்துவிட்டேன். பிறகு அழுகை வந்தது. அவர் ஒன்றும் பேசாமல் காத்திருந்தார். ஒரு வாக்கியத்தை முடிக்க எனக்கு ஒரு முழு நிமிடம் ஆனது. அக்கா வகுப்புக்கு வரக்கூடாது என்பதுதான் அந்த வாக்கியம். அதனால்தான் இனி வகுப்புக்கு வர வேண்டாம் என்று அவர் உனக்கு எழுதினார். நீ அவரைத் திட்டி அனுப்பிய பதிலையும் பார்த்தேன். திட்ட வேண்டியது என்னை.

சின்ன வயதில் என்னைக் கிண்டல் செய்தவனின் சட்டைப் பையைக் கிழித்தெறிந்தவள் நீ. அதை மறக்கவில்லை. மறக்காததால்தான் இத்தனை வருடம் பொறுத்தேன். ஆனால் எனக்காகப் பேசிப் பேசியே, நான் என்ன சொல்ல வந்தேன் என்று நீ ஒருமுறைகூடக் கேட்டதில்லை. உன் குரலைக் கேட்டாலே இப்போது வெறுப்பாக இருக்கிறது.

மேனேஜரிடம் நானே பேசிவிட்டேன். திக்கித்தான் பேசினேன். வருகிற திங்கட்கிழமையிலிருந்து ஒரு வாரம் உட்கார வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். "உள்ள மாட்டினவன் எங்க ஓடிடப் போறான், மெதுவா பேசுங்க" என்றார். இனி அவருக்கு நீ போன் செய்தால் நமக்குள் பேச்சுவார்த்தையே கிடையாது.

கடைசியாக ஒன்று. யாரிடம் பேச அதிகம் பயமோ அவர் பெயரை எழுதி, அவருக்குப் போன் செய்ய வேண்டும், இது மேடம் கொடுத்த பயிற்சி. எல்லோரும் முதலாளி பெயரைத்தான் எழுதுவார்களாம். நான் உன் பெயரை எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை, உன் ஊர் நேரம் காலை பத்து மணிக்குக் கூப்பிடுவேன். வீடியோ கிடையாது, ஆகவே பார்ப்பதற்கு ஃபேனும் இருக்காது. எடுத்ததும் சத்தமே வராது. லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதே. எனக்குப் பதிலாக நீயும் எதையும் சொல்லாதே. அந்தப் பக்கம் நான்தான் இருப்பேன், அக்கா. வார்த்தையோடு வந்துகொண்டிருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் தம்பி